உட்கார்ந்தாலும் ஓடும் வாட்ச்

ஆலடிப்பேட்டையில் ஆண்பிள்ளைகள் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமலேயே இளைத்தார்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், நம்பாவிட்டால் போகிறார்கள், அந்த ஊர் டெய்லர் கடைகளில் பேண்ட் இடுப்பைப் பிடித்துத் தைக்க மாதக்கணக்கில் வரிசை நின்றதைப் பார்த்தவர்கள் இன்னமும் உயிரோடுதான் இருக்கிறார்கள். அந்த அதிசயம் முதன்முதலாக இறங்கியது பெயிண்ட் கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் வயிற்றில். காலையில் பைக்கில் போய்க் கடையைத் திறந்தால், சுற்றிவர டப்பாக்களை அடுக்கி நடுவில் சுழல்நாற்காலியைப் போட்டு, எந்தக் கலர் கேட்டாலும் நாற்காலியோடு திரும்பிக் கையை நீட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, ராத்திரி அதே பைக்கில் வீடு திரும்புகிற மனுஷர் அவர். சர்க்கரை ஏறியது, படியேறினால் நெஞ்சை அடைத்தது, டாக்டர் குணசீலனிடம் போனார்.

"அண்ணாச்சி, தினம் பத்தாயிரம் அடி நடக்கணும். நீங்க நடக்கலேன்னா ஒருநாள் நான் உங்க வீட்டுக்கு நடந்து வர வேண்டியிருக்கும், மாலையோட" என்றார் டாக்டர்.

"பத்தாயிரமா? எங்கப்பா மொத்த ஆயுசுக்கும் அவ்வளவு நடந்திருக்க மாட்டாரே டாக்டர்!"

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பொன்சேகர் விஷயம் கேள்விப்பட்டு ஒரு ஸ்மார்ட்வாட்ச் அனுப்பி வைத்தான். மணி காட்டும், நாடி பார்க்கும், அடி எண்ணும், எத்தனை நேரம் தூங்கினாய் என்று கேட்காமலே சொல்லும், உட்கார்ந்தே இருந்தால் மணிக்கட்டில் குறுகுறுத்து எழுந்திரு எழுந்திரு என்று விரட்டும். அண்ணாச்சி அதைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தபடியே கையை ஆட்டிப் பார்த்தார், வாட்ச் அதற்கெல்லாம் மசியவில்லை. பத்தாயிரம் கேட்ட இடத்தில் அறுநூறைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஒருநாள் குளிக்கப் போகும்போது அண்ணாச்சி அதைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். வீடு கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி தங்கபுஷ்பம், மகன் வாங்கிக் கொடுத்த சாமான் நனைந்துவிடக்கூடாதே என்று ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தன் கையில் கட்டிக்கொண்டாள், கட்டினதை அப்படியே மறந்தும் போனாள். அவரும் மறந்து வெறுங்கையோடு கடைக்குப் போய்விட்டார். அவள் அடுப்படிக்கும் பாத்திரம் கழுவும் அங்கணத்துக்கும் போனாள், மோட்டார் போட மாடிக்குப் போனாள், மோட்டார் நிறுத்த மாடிக்குப் போனாள், வத்தல் காயப்போடவும் காக்கா விரட்டவும் வத்தல் எடுக்கவும் போனாள், மல்லித்தழை வாங்கப் போய்த் திரும்பி வந்து, கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டதென்று மறுபடி போனாள். பொழுது சாயும் நேரத்துக்குப் பெயிண்ட் கடையில், சுண்ணாம்பு வாங்க வந்த ஒரு கொத்தனாருக்கு முன்னால் அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தபோது அவர் வேட்டி அவருடன் எழுந்திருக்கவில்லை. இருபது வருஷமாக வேட்டியைத் தாங்கி நின்ற வயிறு அங்கே இல்லை.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். தங்கபுஷ்பம் எப்போதும் போல முழங்காலைத் தடவிக்கொண்டு படுத்தாள். நடையின் பலன் முழுக்க வாட்சுக்கு உடையவருக்குப் போய்ச் சேர்ந்தது, அலுப்பு மட்டும் வழிமாறாமல் பத்திரமாக அவளிடமே இருந்தது.

இது எப்படி ஆயிற்று என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. வயிறு போனது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை, சாமி வருகிற ஊரில் வயிறு போவதா அதிசயம்? வாட்ச் காட்டிய எண்தான் டீக்கடையில் இருந்த அத்தனை பேரையும் திகைக்க வைத்தது. "பதினெட்டாயிரமா! வீட்டுக்குள்ளயா? அப்படி வீட்டுக்குள்ள என்ன வே சோலி கெடக்கு?" என்று ஒருவர் கேட்க, வாட்ச் பழுது என்று இன்னொருவர் சொல்ல, சரி, எதுக்கும் பார்த்துவிடுவோம் என்று ஆளுக்கொரு வாட்ச் வாங்கி அவரவர் வீட்டம்மா கையில் கட்டிவிட்டார்கள். அடுத்த அமாவாசைக்குள் ஆலடிப்பேட்டையில் தொந்தி என்பது சாமி சிலையில் மட்டும் மிச்சம் இருந்தது, அதுவும் பிள்ளையாருக்குக் கல்யாணம் ஆகாத காரணத்தால்.

பிறகு ஊர் அந்த அதிசயத்துக்குத் தகுந்தபடி தன்னை மடித்துத் தைத்துக்கொண்டது. கல்யாணத்தில் தாலி கட்டின கையோடு மாப்பிள்ளை தன் வாட்சைக் கழற்றிப் பெண்ணின் இடது கையில் கட்ட, அதற்கென்று ஒரு மேளமும் அதற்கென்று ஒரு மந்திரமும் ஏற்பட்டு, தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று ஆறு மாசத்திலேயே பெயர் வாங்கிவிட்டது. கட்டின வாட்சைக் கழற்றினால் புருஷனுக்கு ஆகாது என்றார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, "கொஞ்சம் மாடி வரைக்கும் போய்ட்டு வாம்மா" என்றார்கள். வீட்டில் ஆள் இல்லாதவர்கள் பூக்கார சண்முகவடிவைப் பிடித்தார்கள். தெருத்தெருவாக நடந்து பூ விற்கிறவள் அல்லவா, அவள் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எட்டு வாட்சுகள் ஏறின. எட்டு வீட்டில் எட்டு ஆண்பிள்ளைகள் அவள் ஒருத்தியின் நடையைப் பங்கு போட்டு மினுமினுத்தார்கள், அவளைப் பார்க்கிறபோதெல்லாம், "என்ன வடிவு, ஆட்டோல போறாப்ல தெரியுது? சரியில்லையே" என்று உரிமையோடு கண்டித்தார்கள்.

ஆண்பிள்ளைகள் சேர்ந்து நடையாளர் சங்கம் ஆரம்பித்தார்கள், தலைவர் நம் அண்ணாச்சி. பச்சை பனியனும் வெள்ளை ஷூவும் போட்டுக்கொண்டு காலை ஆறு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் கூடி உட்கார்ந்து, நேற்று நான் இருபதாயிரம், நான் இருபத்திரண்டு என்று பேசிக்கொள்வார்கள். "எங்க வீட்ல நேத்து முட்டுவலின்னு மத்தியானம் படுத்துட்டா வே, எனக்குப் படி ஏற முடியல. பொறுப்பு வேண்டாமா மனுஷிக்கு?" என்று ஒருவர் குறைப்பட்டால் மற்றவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். இதற்கு எதிர்க்கட்சி ஒன்றும் இருந்தது. ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் அனந்தநாராயணன் தலைமையில் நாலைந்து பேர், ஸ்மார்ட்வாட்ச் என்பது அடிமைச் சங்கிலி, மெக்கானிக்கல் வாட்சின் சக்கரங்களுக்குள் ஓர் ஆன்மா துடிக்கிறது, காதில் வைத்துக் கேட்டால் தெரியும் என்று கூட்டம் போட்டுப் பேசுவார்கள். ஆன்மா தினமும் ஏழு நிமிஷம் பின்தங்கி ஓடியதால் அவர்கள் கூட்டம் எப்போதும் ஏழு நிமிஷம் தாமதமாகத் தொடங்கும். அவர்கள் வீட்டு அம்மாமார் கையிலும் கணவர் பெயரில் ஆளுக்கொரு ஸ்மார்ட்வாட்ச் இருந்தது, கொள்கை வேறு உடம்பு வேறு அல்லவா.

தங்கபுஷ்பத்துக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. புருஷன் பிழைத்துக் கிடக்கிறான், தன் காலால் பிழைத்துக் கிடக்கிறான் என்று நினைக்க எந்தப் பெண்ணுக்குத்தான் சந்தோஷம் இருக்காது? ஆனால் மாதம் போகப் போக, நடக்க நடக்க அவள் பெருத்தாள். நடை எல்லாம் அவருக்குப் போய்விட்டதால், நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தவளின் உடம்பு அவளுக்கு வந்து சேர்ந்தது. கணுக்கால் எலும்பு எங்கே போனதென்றே தெரியாமல் கால் வீங்கியது, மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், ஒருநாள் வத்தல் தட்டோடு அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த கணத்தில் போன் அடித்தது. "ஏ புஷ்பம், என்ன செய்யுத? இங்க எனக்குத் தலை சுத்துது, எந்திரி!" என்றார் அண்ணாச்சி கடையிலிருந்து. அவள் எழுந்து நடந்தாள், அழுகை வந்தது, அழுதுகொண்டே நடந்தாள்.

டாக்டர் குணசீலன் அவளைப் பரிசோதித்து முகத்தைச் சுருக்கினார். சர்க்கரை இவ்வளவு, இதயம் இப்படி, இதே போக்கில் விட்டால் அடுத்த கொடைக்கு நீங்கள் பொங்கல் வைக்க இருக்கமாட்டீர்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். "உடம்புக்கு அசைவே இல்லையேம்மா. நீங்க நடக்கணும்."

"நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன் டாக்டர். அது எங்க வீட்டுக்காரருக்கில்ல போகுது."

டாக்டர் தன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். அவருடைய வாட்ச் அந்நேரம் அவர் மனைவி கையில் மார்க்கெட்டில் இருந்தது. "அப்ப உங்களுக்குன்னு தனியா ஒரு வாட்ச் வாங்கிக் கட்டுங்க" என்று மருந்துச்சீட்டில் வாட்ச் ஒன்று, காலை மாலை, உணவுக்கு முன்னும் பின்னும் என்று எழுதிக் கொடுத்தார்.

அண்ணாச்சி ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. சீட்டைப் படித்ததும் பதறிப்போய் அன்றே அவளைப் பஜாரில் காஜாமைதீன் பாய் வாட்ச் கடைக்குக் கூட்டிப்போனார். அவள் தனக்கென்று வாட்ச் வாங்குவது அதுதான் முதல் தடவை. பெட்டியில் ரோஜா நிறப் பட்டையோடு ஒரு ஸ்மார்ட்வாட்ச் இருந்தது, அதையே கை நீட்டிக் காட்டினாள். பாய் எடுத்து உயிர் கொடுத்ததும் அது மணி காட்டவில்லை, நீ யார் என்று கேட்டது. மெயில் கேட்டது. அவளிடம் மெயில் இல்லை. மகனுக்குப் போன் போட்டார்கள். "அம்மாவுக்கு எதுக்குப்பா தனியா? பாஸ்வேர்ட் மறந்துருவாங்க. உங்க பேர்லயே போட்டுருங்க, ரெண்டும் ஒரே இடத்துல வரும்" என்றான் பொன்சேகர். காஸ் இணைப்பு அவர் பெயரில், கரண்ட் அவர் பெயரில், வீடு அவர் பெயரில், போன் நம்பர் அவர் பெயரில் இருக்க, வாட்ச் மட்டும் யார் பெயரில் இருக்க முடியும்? இப்படித்தான் தங்கபுஷ்பத்தின் சொந்த வாட்ச் சிவனணைந்தபெருமாள் என்ற பெயரில் அவள் கையில் ஏறியது.

விளைவு என்னவென்றால் அண்ணாச்சிக்கு இப்போது ஒரே நடை இரண்டு முறை வந்தது. பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுப் போட்டுக் கடைசியில் பெல்ட்டே ஓட்டையாகிவிட்டது. கடையில் மின்விசிறியைப் போட்டால் நாற்காலியோடு கலர் கார்டு மாட்டிய சுவர் வரைக்கும் நகர்ந்தார், காற்று நாட்களில் சட்டைப்பையில் இரண்டு கிலோ எடைக்கல்லைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். "இரட்டை நடையாளர்" என்று சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள், சால்வையின் கனத்துக்குக் கொஞ்சம் தள்ளாடினார். தங்கபுஷ்பம் இரட்டிப்பாக வீங்கினாள். இனி இருக்கிற நாளை விரல்விட்டு எண்ணலாம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது, சாவு பயம் வந்த பிறகு வேறு பயங்கள் கொஞ்சம் குறைந்தன.

அந்தக் கொஞ்ச தைரியத்தோடு, ரோஜா நிற வாட்சைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு தனியாக பாய் கடைக்குப் போனாள்.

"வாங்கக்கா. ரிப்பேரா?"

"ரிப்பேர் நான்தான். இதை எடுத்துக்கிட்டு வேற குடுங்க பாய். பேர் கேக்காத வாட்ச் இருக்கா?"

பாய் சிரித்துவிட்டு, கண்ணாடிக்குக் கீழே இருந்து மெக்கானிக்கல் வாட்சுகளை எடுத்து வரிசையாக வைத்தார். "இதுகளுக்குப் பேரும் வேண்டாம் ஊரும் வேண்டாம். எந்தக் கையில கெடக்கோ அந்தக் கைக்குச் சொந்தம். அடி எண்ணாது, நாடி பாக்காது, எழுந்திருன்னும் சொல்லாது. மணி ஒண்ணுதான் சொல்லும், அதுவும் நீங்க குனிஞ்சு பாத்தாத்தான்." அவற்றில் ஒன்றைப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார், கண்ணாடி வழியே அரைவட்டத் தகடு ஒன்று ஆடுவது தெரிந்தது. "இது ஆட்டோமேட்டிக். இதான் உசத்தி. சாவியே வேண்டாம். நீங்க கையை வீசி நடக்க நடக்க அதுவா முறுக்கேறிக்கிடும்."

"நடக்காட்டி?"

"ரெண்டு நாள் உக்காந்துட்டா நின்னு போகும்."

தங்கபுஷ்பம் அதைத் தொடக்கூட இல்லை. "நான் உக்காந்தா நின்னுபோற சாமான் எங்க வீட்ல நெறைய இருக்கு பாய். இன்னொண்ணு எதுக்கு?"

பாய் தலையைச் சொறிந்துவிட்டுக் கீழ்த்தட்டில் இருந்து சாதாரணமான ஒரு வாட்சை எடுத்தார். வெள்ளை முகம், கறுப்புத் தோல்பட்டை, பக்கவாட்டில் திருகுவதற்கு ஒரு குமிழ். "இதுக்குத் தினம் சாவி குடுக்கணும். அதனாலேயே ஒருத்தரும் சீண்டுதது இல்ல, மெனக்கெட்ட வேலைன்னு. கழட்டி மடியில வச்சு, ரெண்டு கையாலயும் பிடிச்சு, மெதுவா திருகணும். ஒரு இடத்துல இறுகும், அத்தோட நிறுத்திறணும்."

"நின்னுக்கிட்டு குடுக்கலாமா?"

பாய் நாற்பது வருஷமாக வாட்ச் விற்பவர். நின்றுகொண்டும் கொடுக்கலாம், நடந்துகொண்டும் கொடுக்கலாம், குதித்துக்கொண்டும் கொடுக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். அவள் காலைப் பார்த்தார். "கூடவே கூடாதுக்கா. உக்காந்துதான் குடுக்கணும். அவசரப்பட்டா ஸ்பிரிங் அறுந்துரும்" என்றார், அல்லா மன்னிப்பான் என்ற நம்பிக்கையில்.

அவள் அதையே எடுத்துக்கொண்டாள்.

"போயும் போயும் சாவி வாட்சா!" என்று அண்ணாச்சி சிரித்தார். உள்ளூர நிம்மதிதான் அவருக்கு. எண்ணத் தெரியாத வாட்ச் பங்கு கேட்காது, அது பாட்டுக்கு ஒரு பக்கம் கிடக்கட்டும், தன் வாட்சும் அவள் கையிலேயே கிடக்கட்டும். ஆனால் மறுநாள் காலை சங்கத்துப் பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று மூச்சு முட்டி, இரண்டு கிலோ எடைக்கல் இருபது கிலோவாகக் கனத்தது. போன் போட்டார். "ஏ புஷ்பம், என்ன செய்யுத?"

"வாட்சுக்குச் சாவி குடுக்கேன்."

"நடந்துக்கிட்டே குடேன்!"

"ஸ்பிரிங் அறுந்துருமாம். பாய் சொன்னாரு. வாங்கின சாமானைப் பாழாக்கவா?"

வாங்கின சாமானைப் பாழாக்கு என்று ஆலடிப்பேட்டையில் எந்த வியாபாரியாலும் சொல்ல முடியாது, நாக்கு வராது. அண்ணாச்சி போனை வைத்தார். தங்கபுஷ்பம் முன்கூடத்துப் பட்டாசலில் நாற்காலியில் சாய்ந்து, உள்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லாகச் சத்தம் கேட்டுத் திருகினாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து பகல் வெளிச்சத்தில் காரணத்தோடு உட்கார்ந்தது அன்றுதான். ஐந்து நிமிஷ வேலையைப் பத்து நிமிஷமாக்கினாள், பிறகு கால் மணியாக்கினாள். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து விவரம் கேட்டாள், அதற்கடுத்த வீட்டு அம்மா அவளிடம் கேட்டாள். காஜாமைதீன் பாயிடம் தூசி படிந்து கிடந்த சாவி வாட்சுகள் அத்தனையும் பத்து நாளில் விற்றுத் தீர, தூத்துக்குடியிலிருந்து புதிதாக மூட்டையாக வந்து இறங்கின. காலை ஏழரைக்கு ஊரே ஒரு மாதிரி மந்தமாகும், பெஞ்சில் இருக்கிற நடையாளர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள், அதற்குச் சாவி நேரம் என்று பெயர் வைத்து, ராகுகாலம் மாதிரி அந்த நேரத்தில் நல்ல காரியம் செய்யாமல் பழகிக்கொண்டார்கள். அதிசயத்தையே செரித்த ஊருக்கு இது ஒரு பெரிய காரியமா?

தங்கபுஷ்பத்துக்கோ அந்தக் கால் மணி போதவில்லை. கால் வீக்கம் ஏறாமல் நின்றதே தவிர இறங்கவில்லை. புருஷன் வாட்சைக் கழற்றினால்தான் தன் நடை தனக்கு வரும் என்று தெரியும். கழற்றினால் அவருக்கு நெஞ்சு நின்றுவிட்டால்? கொக்கியில் விரலை வைப்பாள், எடுத்துவிடுவாள்.

அப்போதுதான் ஆலடிப்பேட்டைக்கு ஆரோக்கிய நகர் விருது வந்தது. எங்கிருந்தோ ஒரு பெரிய அதிகாரி வந்து, இவ்வளவு உடற்பயிற்சி செய்கிற ஆண்கள் உள்ள ஊரைத் தான் கண்டதில்லை என்று சொல்லி, கல்யாண மண்டபத்தில் விழாவுக்கு நாள் குறித்தார். மேடையில் நாற்பது நடையாளர்கள் பச்சை பனியனில் அமர்வது, தலைவர் கேடயம் வாங்குவது, பிறகு எல்லாரும் எழுந்து மேடையிலேயே ஓடிக் காட்டுவது என்று ஏற்பாடு. மேடையில் ஆண்கள் தெம்பாக இருக்க வேண்டுமே? அதற்காக விழா முடியும்வரை பெண்கள் மண்டபத்தைச் சுற்றி நிற்காமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. நடுவில் குடிக்க மோர் வைத்திருந்தார்கள், நடந்தபடியே குடித்துக்கொள்ளலாம்.

பெண்கள் சுற்றினார்கள். உள்ளே பேச்சு, கைதட்டல், பேச்சு. வெளியே வெயில். அதிகாரி நடைப்பயிற்சியின் மகிமையைப் பற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நேரத்தில், தங்கபுஷ்பத்துக்குப் பந்தல்காலடியில் கண் இருட்டியது. கம்பத்தைப் பிடித்தாள். பக்கத்தில் வந்த சண்முகவடிவு, "அக்கா, நிக்காதிய, உள்ள அண்ணாச்சி விழுந்துருவாரு" என்றாள் எட்டு வாட்ச் கையால் அவளைத் தாங்கி. இன்னொரு சுற்று சுற்றினால் தான் விழுந்துவிடுவோம், எழுந்திருக்க மாட்டோம் என்று தங்கபுஷ்பத்துக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. சாகப் பிடிக்கவில்லை அவளுக்கு, அவ்வளவுதான்.

"வடிவு, சாவி குடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குள் போனாள். முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டாருக்கென்று வைத்திருக்கும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேடையில் அண்ணாச்சி நெளிந்தார், கண்ணால் அதட்டினார். அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்தாள். முருகா, இந்த மனுஷனைக் கொன்றுவிடாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவர் வாட்சின் கொக்கியை விடுவித்து, எழுந்துபோய் மேடையில் அவர் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து, தன் வாட்சை மடியில் வைத்துத் திருகத் தொடங்கினாள்.

மேடையில் முதலில் அண்ணாச்சியின் இடுப்புப் பொத்தான் தெறித்தது. மைக்கில் பட்டுக் கணீரென்று ஒலித்ததால் எல்லாருக்கும் கேட்டது. பிறகு பச்சை பனியன் மெல்ல மெல்ல முன்னால் வந்து, அண்ணாச்சியின் பழைய வயிறு, வீடு திரும்பிய பிள்ளை போல், அவர் மடியில் வந்து உட்கார்ந்தது. அவர் நெஞ்சைப் பிடித்தார். தங்கபுஷ்பம் திருகுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். வியர்த்தார், வாயைத் திறந்தார், மூடினார், பிறகு பக்கத்திலிருந்த அதிகாரியின் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். சாகவில்லை. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். அவள் இத்தனை மாதமாக மாடிப்படியில் வாங்கிய அதே மூச்சு.

அக்கா என்ன ஆனாள் என்று பார்க்க வந்த சண்முகவடிவு, அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளிடம் சாவி வாட்ச் கிடையாது, அதனால் சாக்கு எதுவும் சொல்லவில்லை, சும்மா உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எட்டையும் கழற்றினாள், மேடையில் ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேர் பருத்துச் சரிந்தார்கள். வடிவைத் தேடி எதிர்வீட்டு அம்மா வந்தாள், அவளைத் தேடி டாக்டர் வீட்டம்மா வந்தாள், வந்தவர்கள் எல்லாரும் கையிலிருந்த வாட்சைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரிசையில் டாக்டர் குணசீலனின் டை கழுத்தை இறுக்கியது. நாற்பது ஆண்பிள்ளைகளின் பாரம் ஒரே நேரத்தில் திரும்பி வந்ததில் மேடைப் பலகை முனகியது. ஓடிக் காட்டுகிற நிகழ்ச்சி நேரமின்மை காரணமாக ரத்து செய்யப்படுவதாக அறிவித்துவிட்டு, அதிகாரி கேடயத்தைத் திரும்பக் காரில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆலடிப்பேட்டை இதையும் செரித்துக்கொண்டது. கல்யாணங்களில் அந்த மேளம் மட்டும் இன்னமும் அடிக்கிறார்கள், எதற்கு என்று கேட்டால் தொன்றுதொட்டு என்பார்கள். டெய்லர்கள் பிடித்ததையெல்லாம் பிரித்துவிட்டு இரண்டாம் முறை சம்பாதித்தார்கள். சண்முகவடிவு ஆட்டோவில் உட்கார்ந்து பூ விற்கிறாள். அனந்தநாராயணன், சாவி வாட்சின் மகத்துவத்தைப் பெண்கள் உணர்ந்துகொண்டார்கள் என்று ஒரு கூட்டம் போட்டார், ஏழு நிமிஷம் தாமதமாக.

சில மாதம் கழித்து ஒரு காலையில் தங்கபுஷ்பம் பட்டாசல் நாற்காலியில் சாவி கொடுத்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் முன்னால் நீட்டியிருந்தன. கணுக்கால் எலும்பு திரும்பி வந்திருந்தது, அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பால் வாங்கப் போன அண்ணாச்சி வாசலில் செருப்பைக் கழற்றி, சுவரைப் பிடித்து நின்று மூச்சுவிட்டுவிட்டு, தன் மணிக்கட்டை வருத்தத்தோடு நீட்டினார்.

"தெருமுனை வரைக்கும் போய்ட்டு வந்திருக்கேன். முந்நூத்திப் பத்துதான் காட்டுது, புஷ்பம்."

"கொறவா நினைக்காதிய. அம்புட்டும் நீங்க நடந்தது."

அவர் மறுபடியும் அந்த எண்ணைப் பார்த்தார். அடுப்படியில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. பழக்கத்தில் இருவர் கண்ணும் அந்தப் பக்கம் திரும்ப, அவள் மடியிலிருந்த வாட்சை நிமிர்த்திப் பிடித்துக் குமிழை இன்னொரு பல் திருகினாள்.

"இங்கேருந்து அடுப்புக்குப் பதினோரு அடி. போய் அணைச்சுட்டு வாங்க, முந்நூத்தி முப்பத்திரண்டு ஆயிரும்" என்றாள்.

அண்ணாச்சி போனார்.